புழு கிடைக்காத பறவைகள்

படத்தில் சில பறவைகள். பக்கத்தில் அவற்றைவிடக் குறைந்த எண்ணிக்கையில் புழுக்கள். ஹட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் படத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டி, “புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?” என்று கேட்டார். 64 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். அதே படத்துக்கு இன்னொரு கேள்வியும் வைத்திருந்தார்: “எல்லாப் பறவைகளும் பறந்துபோய் ஆளுக்கொரு புழுவைப் பிடிக்கப் பார்க்கின்றன. எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?” இதற்கு ஒருவர் விடாமல் எல்லாரும் சரியான விடை சொன்னார்கள். ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் வராத பாலர் வகுப்புக் குழந்தைகளிடம் வித்தியாசம் இன்னும் பெரிது. முதல் கேள்விக்கு 17 சதவீதம், இரண்டாவதற்கு 83 சதவீதம்.

இரண்டு கேள்விக்கும் கணக்கு ஒன்றுதான். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும். அந்தக் கணக்கு குழந்தையின் தலைக்குள் ஏற்கெனவே இருந்தது. ‘எதைவிட எது எத்தனை அதிகம்’ என்கிற வாக்கிய அமைப்புதான் அதை வெளியே வரவிடாமல் மறித்துக்கொண்டு நின்றது. முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தால் அந்தக் குழந்தைகளை ‘கணக்கு வராத பிள்ளைகள்’ என்று எழுதி வைத்திருப்பார்கள்.

நம் வகுப்பறையிலும் இந்தப் பறவைகள் உண்டு. “கமலாவிடம் 8 கொய்யாப்பழங்கள் உள்ளன. அது ராஜாவிடம் உள்ளதைவிட 3 அதிகம். ராஜாவிடம் எத்தனை?” என்று கேட்டால் 11 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. ‘அதிகம்னா கூட்டல், மீதின்னா கழித்தல்’ என்று குறுக்குவழி சொல்லிக்கொடுத்துப் பழக்கிவிடுகிறோம். பிள்ளை வாக்கியத்தைப் படிக்காமல் அந்த ஒற்றைச் சொல்லைத் தேடுகிறது. என்னைக் கேட்டால், தொடக்கப்பள்ளிக் கணக்கில் இதைவிடக் கெடுதலான உதவி வேறில்லை.

பள்ளிக்கூடம் என்பது முழுக்க முழுக்க மொழியால் நடக்கிற இடம். அறிவியல், கணக்கு, சமூக அறிவியல், ஏன், விளையாட்டு வகுப்பின் விதிகள்கூட வார்த்தையாகத்தான் பிள்ளையிடம் வந்து சேர்கின்றன. தெரிந்ததைத் திருப்பிக் காட்டுவதும் வார்த்தையால்தான். ஆக, ஐந்து வயதில் ஒரு குழந்தை எவ்வளவு மொழியோடு பள்ளிக்குள் வருகிறது என்பது எல்லாப் பாடத்தையும் தொடுகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேச்சு வேறு, மொழி வேறு. ‘ர’ வராமல் ‘ல’ என்று சொல்வது, மழலை போகாமல் இருப்பது, எழுத்துகளைக் கடித்துத் துப்புவது எல்லாம் பேச்சு, அதாவது நாக்கும் உதடும் ஒலியை உருவாக்கும் வேலை. சொல் தெரிவது, வாக்கியம் கட்டுவது, பிறர் சொன்னதைப் புரிந்துகொள்வது, நடந்ததைக் கோவையாகச் சொல்வது ஆகியவை மொழி. பேச்சில் குறை இருந்தால் அரை நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பாட்டி கவலைப்படுவார், பக்கத்து வீட்டுக்காரர் வைத்தியம் சொல்வார், வகுப்பில் பிள்ளைகள் பட்டப்பெயரே வைத்துவிடுவார்கள். மொழியில் குறை இருந்தால் யார் கண்ணிலும் படாது.

இரண்டில் எது படிப்பைப் பாதிக்கிறது? இதற்கு நல்ல விடை கனடாவிலிருந்து கிடைத்தது. ஒட்டாவா வட்டாரத்தில் 1982இல் ஜோசப் பைட்ச்மனும் அவரது குழுவினரும் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோரைச் சோதித்தார்கள். பேச்சிலோ மொழியிலோ, அல்லது இரண்டிலுமோ சிக்கல் உள்ள 142 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வயதில் சிக்கல் ஏதுமில்லாத 142 பேரை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவர்களை விடவில்லை. 12 வயதில், 19 வயதில், 25 வயதில், 31 வயதில் என்று தேடிப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இந்த மாதிரி ஆய்வுக்குப் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

பேச்சில் மட்டும் குறை இருந்த பிள்ளைகள் 19 வயதில் பெரும்பாலும் மற்றவர்களுக்குச் சமமாக வந்து நின்றார்கள். ஐந்து வயதில் எல்லாரையும் கவலைப்பட வைத்தவர்கள் இவர்கள்தான். மொழியில் குறை இருந்தவர்களோ வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று எல்லாவற்றிலும் பின்தங்கியிருந்தார்கள். அறிவுத்திறன் அளவின் வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் அந்த இடைவெளி மறையவில்லை. 25 வயதில் அவர்கள் பெற்ற படிப்பும் குறைவு, பார்த்த வேலைகளும் கீழ்ப்படியில் இருந்தன. ஆனால் ‘வாழ்க்கை எப்படிப் போகிறது?’ என்று கேட்டபோது மற்றவர்களைப் போலவே திருப்தியாக இருப்பதாகச் சொன்னார்கள். குடும்பமும் நண்பர்களும் துணையாக இருந்தவர்களிடம் அந்தத் திருப்தி கூடுதலாக இருந்தது. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துப் பிள்ளையின் எதிர்காலத்தை எழுதிவிடுகிற பெற்றோர் இந்த முடிவையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திக்குவாய்ப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு விடை தெரியும், மொழியும் இருக்கும். எழுந்து நின்று உரக்க வாசிக்கச் சொன்னால்தான் உயிர் போய்விடும். அது தனிக் கதை. அதற்கு வேண்டியது வகுப்பில் கொஞ்சம் பொறுமையும், பேச்சுப் பயிற்சியாளரின் உதவியும்.

மொழிக் குறைபாடு வகுப்பில் எப்படித் தெரியும்? மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். டீச்சர் சொல்கிறார்: “எல்லாரும் கணக்கு நோட்டை எடுத்து, தேதி போட்டுட்டு, 42ஆம் பக்கத்துல மூணாவது கணக்கை மட்டும் எழுதுங்க. எழுதுறதுக்கு முன்னாடி வீட்டுப்பாட நோட்டை என் மேசைல வெச்சிருங்க.” சாதாரணமான பேச்சுதான். இதற்குள் நான்கைந்து கட்டளைகள் இருக்கின்றன. கடைசியில் சொன்னதை எழுதத் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். ‘மட்டும்’ என்ற சொல் மற்ற கணக்குகளையெல்லாம் விலக்கி வைக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இதை யோசிக்காமலே செய்துவிடுவார்கள். ஒருவன் மட்டும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்துப் பையன் என்ன செய்கிறான் என்று பார்ப்பான். அவன் எழுந்தால் இவனும் எழுவான். கடைசியில் முதல் கணக்கிலிருந்து எழுதத் தொடங்கியிருப்பான். ‘காதுல வாங்குறதே இல்ல, கவனமே கிடையாது’ என்று பெயர் வாங்குவான். அவன் காதில் வாங்கினான். வாங்கியதைப் பிரித்து வரிசைப்படுத்துவதுதான் அவனுக்குப் பெரும்பாடு.

இன்னொரு அடையாளம், கதை சொல்லும் விதம். லீவில் என்ன செய்தாய் என்று கேட்டால், “போனோம்… அங்க வந்து… அந்த இது இருக்குல்ல, அதுல ஏறினோம். அப்புறம் அவன் விழுந்துட்டான்” என்பான். எங்கே போனார்கள், எதில் ஏறினார்கள், யார் விழுந்தது? உடன் போயிருந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கும். அதனால் வீட்டில் எவருக்கும் இது குறையாகத் தோன்றாது. ஆனால் தேர்வுத்தாளில் எழுதும் விடை என்பது உடன் வராத ஒருவருக்குச் சொல்லும் கதை. கேட்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கணித்து, விட்டுப்போகாமல் சொல்லும் திறமை வாய்ப்பேச்சில் வராத பிள்ளைக்கு எழுத்தில் எங்கிருந்து வரும்?

காது கேளாமை, ஆட்டிசம் போன்ற வேறு காரணம் எதுவும் இல்லாமலே சில பிள்ளைகளுக்கு மொழி இப்படித் தடுமாறுகிறது. இதற்கு ஆளுக்கொரு பெயர் வழங்கிவந்த நிலையில், டோரதி பிஷப் முன்னின்று நடத்திய முயற்சியில் நிபுணர்கள் 2017இல் ஒரே பெயருக்கு ஒத்துக்கொண்டார்கள். அதைத் தமிழில் ‘வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு’ எனலாம். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கோர்ட்னி நார்பரி நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 7.5 சதவீதக் குழந்தைகளுக்கு இது இருந்தது. 30 பேர் வகுப்பில் இரண்டு பேர். அந்தப் பிள்ளைகளில் 88 சதவீதம் பேர் பள்ளியின் முதல் ஆண்டிலேயே எட்ட வேண்டிய நிலையை எட்டவில்லை. ஆட்டிசம் பற்றி இன்று ஓரளவு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதைவிடப் பல மடங்கு பரவலாக உள்ள இந்தக் குறைபாட்டின் பெயரையாவது கேட்டிருக்கிற ஆசிரியர்கள் எத்தனை பேர்?

குறைபாடு உள்ள பிள்ளைகளை விட்டுவிடுவோம். எல்லாப் பிள்ளைகளும் கடக்க வேண்டிய முதல் மலை வாசிப்பு. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் ஆகிய இருவரும் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்துக் கூட்டும் திறன் ஒன்று, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. கூட்டலில் ஒன்று குறைந்தால் மற்றது ஈடுகட்டும். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். கடகடவென்று பாடத்தை வாசித்துவிட்டு, “என்ன படிச்சே?” என்றால் விழிக்கும் பிள்ளையை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருக்கிறார்கள். முதல் எண் முழுசாக இருந்து இரண்டாவது எண் சிறுத்துப்போன கணக்கு அது.

முதல் எண்ணான எழுத்துக் கூட்டுதலும் கண்ணில் தொடங்குவதாக நினைக்க வேண்டாம். அது காதில் தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையண்டும் வாசிக்கத் தெரியாத நான்கைந்து வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 400 பேரிடம் ஒலி விளையாட்டு ஒன்றை விளையாடிப் பார்த்தார்கள். சில சொற்களைச் சொல்லி, அவற்றில் ஒலி சேராத சொல் எது என்று கேட்பார்கள். தமிழில் சொன்னால் ‘பல், கல், மண், சொல்’ என்பதுபோல. இதில் கெட்டிக்காரர்களாக இருந்த குழந்தைகள் சில ஆண்டுகள் கழித்து வாசிப்பிலும் முன்னால் நின்றார்கள். இதில் பின்தங்கியிருந்த சிலருக்கு இரண்டு ஆண்டுகள் ஒலிப் பயிற்சி கொடுத்தபோது, அதிலும் பிளாஸ்டிக் எழுத்துகளைக் கையில் கொடுத்துச் சேர்த்துப் பழக்கியபோது, வாசிப்பு தெளிவாக முன்னேறியது. 1983இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இது.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியை யாரும் பணம் கட்டிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவர்களுக்குப் புரியக்கூடாது என்று பேசும் ‘க’ பாஷை தெரியுமல்லவா? “கநீ கவா” என்றால் “நீ வா.” “கநா களை கவ கரு கவே கன்” என்றால் “நாளை வருவேன்.” பேசுகிற வேகத்தில் சொல்லை எழுத்து எழுத்தாக உடைத்து ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ‘க’வைச் செருக வேண்டும். ஒலியைப் பிரித்து உணரும் திறனுக்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்த நிபுணரும் வகுத்துக் கொடுக்க முடியாது. பாட்டுக்குப் பாட்டு, விடுகதை, நா பிறழ் வாக்கியம் எல்லாமே இந்த வகைதான். வகுப்பில் ‘க’ பாஷை பேசியதற்காகத் தலையில் குட்டு வாங்கியவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

தமிழ் எழுத்துமுறைக்கென்று சில சிரமங்களும் உண்டு. ஆங்கிலக் குழந்தைக்கு 26 எழுத்துகள். நம் குழந்தை 247ஐச் சந்திக்கிறது. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சொனாலி நாக், நம்முடையதைப் போன்ற எழுத்துமுறைகளில் எல்லா எழுத்துகளும் வசப்பட மூன்று நான்கு ஆண்டுகள்கூட ஆகின்றன என்று 2007இல் காட்டினார். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் சரளமாக வாசிக்கவில்லையே என்று அடித்துக்கொள்பவர்கள் கவனிக்க. இன்னொன்று, தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு ஒலி தரும். ‘பஸ்’ என்று எழுதியிருந்தால் அந்தப் ‘ப’வை ‘பல்’லில் வருவதுபோல உச்சரிக்கக்கூடாது என்று எழுத்து சொல்லாது. அந்தச் சொல்லைக் காதால் கேட்டுப் பழகிய குழந்தை முதல் தடவையில் தடுமாறினாலும் உடனே திருத்திக்கொள்ளும். கேட்டறியாத குழந்தைக்குத் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை.

இரண்டாவது எண், அதாவது கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன், சொல்லோடும் விஷய ஞானத்தோடும் பின்னிக்கிடக்கிறது. 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். வாசித்ததைச் சின்ன மர ஆட்களை நகர்த்தி நடத்திக் காட்டச் சொன்னார்கள். ஆட்டம் தெரிந்த ‘மோசமான’ வாசிப்பாளர்கள், ஆட்டம் தெரியாத ‘நல்ல’ வாசிப்பாளர்களைவிட நன்றாகச் செய்தார்கள். சாயங்காலம் டீக்கடையில் அப்பாவோடு உட்கார்ந்து ஊர்ப்பேச்சு கேட்கிற பிள்ளை அறியாமலே பாடம் சேர்த்துக்கொள்கிறது.

இனி நம் சொந்தச் சிக்கலுக்கு வரலாம். தமிழ்ப் பிள்ளை வீட்டில் ஒரு தமிழ் பேசுகிறது, புத்தகத்தில் வேறொரு தமிழைப் பார்க்கிறது. “மழ பேஞ்சுச்சு, அதான் வரல” என்று சொன்ன வாய், “மழை பெய்த காரணத்தால் பள்ளிக்கு வரவில்லை” என்று எழுத வேண்டும். இதைக்கூடச் சமாளித்துவிடும். வாக்கியங்களை இணைக்கும் சொற்கள்தான் கழுத்தறுக்கின்றன: ஆயினும், மாறாக, அன்றி, முறையே. ‘முறையே’ என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்? ‘பின்வருவனவற்றுள் பொருந்தாததைத் தேர்ந்தெடு’ என்ற கேள்வியில் ஒரு எதிர்மறை ஒளிந்திருக்கிறது. ‘கூற்று சரி, காரணம் தவறு’ வகைக் கேள்வியில் இரண்டு வாக்கியங்களுக்கு இடையிலான உறவைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாடம் தெரிந்தும் மதிப்பெண் போவது இங்கேதான். அரபு மொழியிலும் இதே இரட்டை நிலைமை உண்டு. அங்கே எலினோர் சையக்-ஹத்தாத் நடத்திய ஆய்வுகளில், வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலிகளைப் பிரித்து உணர்வதே குழந்தைகளுக்குக் கடினமாக இருந்தது.

இதற்கு மருந்து, வீட்டுத் தமிழை மட்டம் தட்டுவதல்ல. “ஊடுன்னு சொல்லாதே, வீடுன்னு சொல்லு” என்று நாலு முறை திருத்தினால் ஐந்தாம் முறை பிள்ளை வாயைத் திறக்காது. பள்ளிக்கு வரும் முன்பே புத்தகத் தமிழைக் காதில் விழவைப்பதுதான் வழி. தினமும் ஒரு கதையை எழுதியிருக்கிறபடியே உரக்க வாசித்துக் காட்டி, நடுநடுவே நிறுத்தி, ‘ஏன் அப்படிச் செஞ்சான்?’ என்று வீட்டுத் தமிழில் பேசிக்கொண்டால் இரண்டுக்கும் பாலம் விழும்.

ஆங்கிலவழிப் பள்ளியில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். “வீட்டுல இங்கிலீஷ்லயே பேசுங்க” என்று பள்ளியில் சொல்லி அனுப்புகிறார்கள். அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் ‘கம், ஈட், சிட் டவுன்’ என்ற அளவில் இருந்தால், வீட்டுப்பேச்சே அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. தமிழில் ஆயிரம் விஷயம் பேசக்கூடிய தாய் ஆங்கிலத்தில் உத்தரவு மட்டுமே போடுகிறாள். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் பல காலமாகச் சொல்லிவருவது இது: புதிய மொழியில் அன்றாடம் பேச இரண்டு ஆண்டுகள் போதும், அந்த மொழியில் பாடம் படித்துச் சிந்திக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கும், தாய்மொழியில் வளர்ந்த சிந்தனை அடுத்த மொழிக்குக் கைகொடுக்கும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பிள்ளைக்கு மொழிக் குறைபாடு வந்துவிடாது. எந்த மொழியிலும் போதுமான பேச்சு கிடைக்காமல் போவதுதான் ஆபத்து. செங்கல் சூளைகளில் வேலை பார்க்கும் ஒடிசாத் தொழிலாளர்களின் பிள்ளைகளும், இருளர் மொழி பேசும் மலைக் கிராமத்துப் பிள்ளைகளும் தமிழ்ப் பள்ளியில் படும் பாடும் இதுவே. அவர்களுக்கு நம் தமிழ்தான் அந்நிய மொழி.

வீட்டுப்பேச்சு என்றதும் ‘மூன்று கோடிச் சொல் இடைவெளி’ என்ற புகழ்பெற்ற கணக்கு நினைவுக்கு வரும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் 42 குடும்பங்களுக்கு மாதம் ஒருமுறை போய், ஒரு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்தார்கள். இரண்டரை ஆண்டுகள் இப்படி நடந்தது. 1995இல் வெளிவந்த அவர்களது நூலின்படி, படித்த உத்தியோகஸ்தர் வீட்டில் குழந்தை மணிக்குச் சராசரி 2,153 சொற்கள் கேட்டது. அரசு உதவித்தொகையில் வாழும் வீட்டில் 616. இதை நாள், மாதம், ஆண்டு என்று பெருக்கிக்கொண்டே போய்த்தான் அந்த மூன்று கோடி வந்தது. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட எண் இது. எனக்கு இதன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. உதவித்தொகை பெற்ற குடும்பங்கள் அந்த ஆய்வில் ஆறே ஆறுதான். ஸ்பெர்ரி தம்பதியும் பெக்கி மில்லரும் பிற்பாடு வேறு ஏழை, தொழிலாளர் குடும்பங்களில் பார்த்தபோது, ஒரே வருமானத்தில் உள்ள ஊர்களுக்குள்ளேயே பேச்சின் அளவு பெரிதும் மாறுபட்டது. அத்தை, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் என்று சுற்றியிருப்பவர்கள் பேசுவதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் குறைந்தது. கூட்டுக்குடும்பத்தையும் திண்ணையையும் அறிந்த நமக்கு இது ஆச்சரியமில்லை. ஏழை அம்மா பேசத் தெரியாதவள் என்ற முடிவுக்கு அந்த எண்ணை வைத்துக்கொண்டு தாவியவர்கள் நியாயம் செய்யவில்லை.

எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்றை 2018இல் ரேச்சல் ரோமியோவும் எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் காட்டினார்கள். நான்கு முதல் ஆறு வயதுள்ள 36 பிள்ளைகளின் சட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வைத்து வார இறுதி முழுவதும் பதிவு செய்தார்கள். பிறகு, கதை கேட்கும்போது அவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். குழந்தையின் காதில் எத்தனை சொல் விழுந்தது என்பதைவிட, பெரியவரும் குழந்தையும் மாறி மாறி எத்தனை முறை பேசிக்கொண்டார்கள் என்பதோடுதான் மூளையின் மொழிப் பகுதியின் இயக்கம் ஒத்துப்போனது. பெற்றோரின் வருமானம், படிப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். டிவி எவ்வளவு பேசினாலும் பதில் வாங்காது. போனில் ஓடும் பாட்டும் அப்படியே. குழந்தை ஒன்று சொல்ல, நாம் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்க, அது மறுபடி சொல்வதில்தான் மொழி வளர்கிறது. சின்ன ஆய்வு, தொடர்பை மட்டும் காட்டும் ஆய்வு என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் பேச்சுப் பயிற்சியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதோடு இது பொருந்திப்போகிறது.

இதை வைத்து நம் வகுப்பறையைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்பது நம் பள்ளிகளின் முதல் பாடம். சத்தமில்லாத வகுப்பே நல்ல வகுப்பு. தலைமையாசிரியர் நடைவழியில் நடந்துபோகும்போது குண்டூசி விழுந்தால் கேட்க வேண்டும். கேள்வி கேட்பவர் ஆசிரியர், ஒற்றைச் சொல்லில் விடை சொல்வது பிள்ளைகள், அதுவும் கோரஸாக. அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிகூட முழுசாகக் காத்திருப்பதில்லை என்று தெரிந்தது. அதை மூன்று விநாடியாக நீட்டச் சொன்னார். பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். ஒரு பைசா செலவில்லாத சீர்திருத்தம்.

வாய்மொழிப் பயிற்சியால் வாசிப்பு உயருமா என்பதற்கும் சான்று இருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தும் பொருள் புரியாத எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை இங்கிலாந்தின் யார்க் ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குப் பாடப்பகுதியை வைத்தே வாசிப்புப் பயிற்சி, ஒரு பகுதிக்குப் பேச்சும் கேட்டலும் மட்டுமான பயிற்சி, ஒரு பகுதிக்கு இரண்டும் கலந்து. 20 வாரங்கள். மூன்று குழுவும் முன்னேறின. பயிற்சி நின்று 11 மாதம் கழித்துப் பார்த்தபோது, வாசிப்புப் புரிதலில் முன்னால் இருந்தது பேச்சுப் பயிற்சி பெற்ற குழு. அவர்கள் கற்ற புதுச் சொற்கள்தான் அதற்குப் பெரிய காரணம் என்று 2010இல் எழுதினார்கள். அந்த மரபில் வந்த பேச்சுப் பயிற்சித் திட்டத்தைத்தான் கொரோனாவுக்குப் பிறகு இங்கிலாந்து அரசு ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குக் கொடுத்தது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று வாய்மொழிக்கு இடம் ஒதுக்கியிருப்பது நல்ல காரியம். அந்த நேரத்தைப் பயிற்சித்தாள் நிரப்பவும் செயலியில் மதிப்பெண் ஏற்றவும் தின்னக் கொடுத்துவிடக் கூடாது. பிள்ளை பேசிய பேச்சை எந்தப் படிவத்திலும் பதிவேற்ற முடியாது என்பதற்காக அதை வேலையில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

கடைசியாக, பேச்சு தாமதமாகும் குழந்தைகளைப் பற்றி. “ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்”, “அவங்க மாமாகூட அஞ்சு வயசுலதான் பேசினான்” என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மூன்று ஆண்டுகளைக் கடத்திவிடுகிற வீடுகள் ஏராளம். நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள், தேன் தடவுவார்கள். நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று நம்புவார்கள். அந்தச் சவ்வு சில ஒலிகளின் உச்சரிப்புக்கு இடைஞ்சலாக இருக்கலாமே தவிர, மொழி வராமல் போவதற்குக் காரணமில்லை. தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே தேறிவிடுகிறார்கள் என்பதும் உண்மைதான். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று இரண்டு வயதில் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

முதலில் பார்க்க வேண்டியது காது. நெருங்கிய உறவில் மணமுடிக்கும் வழக்கமுள்ள நம் ஊரில் பிறவிச் செவிக்குறை அரிதல்ல. அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் கண்டறிந்து உதவி பெற்ற குழந்தைகளின் மொழி, பிறகு கண்டறியப்பட்டவர்களைவிட நன்றாக வளர்ந்ததை 1998இல் கொலராடோவின் யோஷினாகா-இத்தானோ காட்டினார். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடிகிற பிள்ளையையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அந்த நாட்களில் வகுப்பில் அது பாதிப் பேச்சைத்தான் கேட்கிறது.

ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொல் சேர்க்கவில்லை, நான்கு வயதில் வெளியாருக்குப் பேச்சு புரியவில்லை, பள்ளிக்குப் போன பிறகும் சொன்ன வேலையை அடுத்தவரைப் பார்த்துத்தான் செய்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. செவித்திறன் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே இலவசம். போகும்போது பிள்ளை வீட்டில் இயல்பாகப் பேசுவதை இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்து எடுத்துப் போங்கள். புது இடத்தில் டாக்டரைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளைகள்தான் அதிகம்.